செப்டம்பரில் பலெர்மோவுக்கு வரும் உறவுகளைக் காசில்லாமல் எங்கே கூட்டிப்போகலாம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து எட்டு மாதம். செப்டம்பர் முதல் கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா அம்மாவும், சுவிஸிலிருந்து அண்ணா குடும்பமும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வருகிறார்கள். ரிக்கெற் போட்டதோடு கையிருப்பு முடிந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் நோ. ரிக்கெற் எடுத்து உள்ளே போகிற இடங்கள் வேண்டாம், வெளியிலேயே எதைக் காட்டலாம்?

இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பெரும்பங்கு மலையிலும் கடற்கரையிலும் தெருவிலும் சும்மா கிடக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தப்பினால் வெய்யிலும் சனமும் பஸ்ஸும் சேர்ந்து ஆளைச் சோர வைத்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் விடிவது ஆறே முக்காலுக்குச் சற்று முன், பொழுது படுவது ஏழரை மட்டில். நடுவில் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வயது போனவர்களையும் பிள்ளைகளையும் வெளியில் வைத்திருக்கவே வேண்டாம். இதை மனதில் வைத்து நாளைப் பிரித்தால் ஒரு கிழமை தாராளமாகப் போதும்.

முதலில் மலை. மொந்தே பெல்லெக்ரீனோ, ஏறக்குறைய 600 மீட்டர். இந்த ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோவில் அதில் 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் பரவிய நேரம் இந்தக் குகையில் எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் நின்றது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. எங்கடை ஆட்களில் சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் நேர்த்தி வைத்து ஏறுகிறவர்கள் நிறையப்பேர். ஆகவே உங்கள் அம்மா கேட்கும் முதல் இடமும் இதுவாகத்தான் இருக்கும்.

அவர்கள் வருகிற கிழமையில் செப்டம்பர் 4 விழுகிறது. அது ரொசாலியாவின் திருநாள். 3ஆம் திகதி இரவே சனம் கால்நடையாக ஏறத் தொடங்கும், சிலர் வெறுங்காலோடு. சிசிலிய மொழியில் இதற்கு ‘அக்கியானாத்தா’, ஏற்றம் என்று பெயர். அண்ணாவும் நீங்களும் போகலாம். அப்பாவை அந்த இரவு கூட்டிப்போகாதீர்கள், காரையும் எடுக்காதீர்கள், பாதை அடைப்பு இருக்கும்.

நடந்து ஏறுகிற பழைய பாதைக்கு ஸ்கால வேக்கியா என்று பெயர். பியேரா தெல் மெதித்தெரானேயோ என்ற பழைய கண்காட்சித் திடலுக்குப் பக்கத்தில், பியாற்சா ஜெனராலே காஷீனோவில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. கல் பதித்த வளைவு வளைவான பாதை, இடையிடையே கார் றோட்டைக் கடக்கும். சாதாரண நடையில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். நூற்றாண்டுக் கணக்காகக் கால் பட்டு அந்தக் கற்கள் வழவழத்துப்போய்க் கிடக்கின்றன. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். செருப்போ அடி தேய்ந்த சப்பாத்தோ சரிவராது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணி கொண்டுபோங்கள். விடியப்புறம் வெளிக்கிட்டால் வெய்யில் ஏற முன்னம் மேலே போய்விடலாம். மழை பெய்த மறுநாள் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு 812 பஸ். பொலித்தேயாமா தியேட்டருக்குப் பக்கத்திலுள்ள பியாற்சா ஸ்தூர்சோவிலிருந்து கோவிலடி வரை போகும். இந்தச் சேவை குறைவு. மேலே இறங்கியவுடனே திரும்பும் பஸ் நேரத்தைத் தரிப்பிடப் பலகையிலிருந்து போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பஸ் தப்பினால் வயது போனவர்கள் வெகுநேரம் வெய்யிலில் நிற்க வேண்டிவரும். இறங்குகிற இடத்திலிருந்து கோவில் முகப்புக்கு அகலமான படிக்கட்டு இருக்கிறது. முழங்கால் நோகிறவர் நின்று நின்று ஏறலாம். கடும் மழைக்குப் பிறகு கல் உருண்டு விழும் என்றும், கடும் காற்றோடு வெக்கை நாட்களில் காட்டுத்தீ அபாயம் என்றும் மலைப்பாதையை அடைப்பதுண்டு. போகிற அன்று காலையில் ஒருமுறை பாருங்கள்.

உள்ளே போக ரிக்கெற் இல்லை. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேண்டும், அம்மாவின் சேலை அதற்கு மெத்தச் சரி. உள்ளே போனதும் எல்லாரும் பீடத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பிள்ளைகளுக்கு மேலே காட்டுங்கள். குகையின் கூரைப் பாறையிலிருந்து எப்போதும் தண்ணி சொட்டுகிறது. அது கும்பிடுகிறவர்கள் தலையில் விழாமல் ஏந்துவதற்குப் பாறை முழுக்க உலோகப் பீலிகளைக் கோணல்மாணலாக ஓடவிட்டிருக்கிறார்கள். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்துப் பீலி மாதிரித்தான், ஆனால் ஒவ்வொன்றும் பாறையின் வளைவுக்கேற்பக் கிளை விட்டு, கை நரம்பு போலப் படர்ந்து போய் ஓரிடத்தில் சேர்கிறது. அந்தத் தண்ணியைப் புனிதமாகக் கருதுகிறார்கள். பீடத்துக்குக் கீழே பொற்போர்வையோடு ரொசாலியா சாய்ந்து கிடக்கிறார். அந்தப் பக்கம் ஆள் குறைகிற நேரம் பார்த்துக் கிட்டப் போங்கள்.

கோவிலோடு திரும்பிவிடாதீர்கள். கார் றோட்டிலேயே மேலும் கொஞ்சத் தூரம் நடந்தால் கடலைப் பார்த்தபடி ரொசாலியாவின் பெரிய சிலை நிற்கும் முனை வரும். ஏற்றம் லேசானது. ஆனாலும் அப்பா கோவிலடியிலேயே இருக்கட்டும், நிழல் இருக்கிறது.

அடுத்தது கடல். மொண்டெல்லோவுக்குப் பொலித்தேயாமா பக்கத்திலிருந்து 806 பஸ். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் வெண்மணல். கன தூரத்துக்கு ஆழமில்லாத தண்ணி, சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் தடுமாறுவார்கள். குடையும் கட்டிலும் போட்டிருக்கிற பகுதிகள் காசுக்கு விடுபவை. ‘ஸ்பியாஜ்ஜா லிபெரா’ என்று பலகை இருந்தால் அது எல்லாருக்கும் உரிய மணல், அங்கே உங்கள் குடையையும் துவாயையும் விரிக்கலாம். இவை தவிர, அலை வந்து தொடுகிற ஓரத்துக்குப் போகவும் அதன் வழியே நடக்கவும் குளிக்கவும் சட்டப்படி எவருக்கும் உரிமை உண்டு, காசுப் பகுதிக்கு முன்னாலும்தான். ஆனால் நடைபாதையாக விடவேண்டிய அந்தப் பட்டையில் குடை நட்டுக் குடியிருக்க முடியாது, எழுப்பிவிடுவார்கள். இலவசப் பகுதி சின்னது. கிழமை நாளில் ஒன்பது மணிக்குள் போனால் இடம் இருக்கும். சனி, ஞாயிறு வேண்டாம். திரும்பும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் 806க்கு ஓடுவார்கள், ஆகவே பதினொன்றரைக்கே எழும்பிவிடுங்கள்.

காற்றை மட்டும் அவதானியுங்கள். இந்தக் கரை வடக்குப் பார்த்தது. வடமேற்குக் காற்று வீசினால் அலை எழும்பும், கண்ணுக்கே தெரியும். ஆபத்தானது மற்றது. ஷிரொக்கோ என்கிற தெற்குக் காற்று சுடச்சுட மலைக்குப் பின்னாலிருந்து வரும். அன்று கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ‘நல்ல கடல்’ என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. பிள்ளைகள் காற்றடித்த மெத்தையிலோ வாத்து மிதவையிலோ ஏறினால் நாங்கள் தலை திருப்புகிற நேரத்துக்குள் ஆழத்துக்குப் போய்விடும். ஷிரொக்கோ நாளில் மிதவையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சொறிமுட்டை பட்டால் கடல் தண்ணியாலேயே கழுவுங்கள். நல்ல தண்ணி ஊற்றினாலும் துவாயால் தேய்த்தாலும் எரிவு கூடும்.

பாறைக்கரை பிடிக்குமென்றால் ஸ்ஃபெராகவல்லோவுக்குப் பக்கத்தில் பார்கரெல்லோ. காப்போ கல்லோ காப்புக்காட்டின் அந்தப் பக்கத்து வழி கடலோரமாகச் சமமாகப் போகிறது. மொண்டெல்லோ பக்கத்து வழியில் காசு கேட்பார்கள், பார்கரெல்லோ பக்கம் இலவசம். மேற்குப் பார்த்த கரை என்பதால் பின்னேரம்தான் அதன் நேரம். பாறையில் கடல் முள்ளி உண்டு, ரப்பர் சப்பாத்து இல்லாமல் தண்ணியில் கால் வைக்கக் கூடாது.

பழைய நகரத்துக்கு ஒரு முழுக் காலை கொடுங்கள். எட்டு மணிக்கு குவாத்ரோ காந்தியில் நில்லுங்கள், மக்கேதா தெருவும் வித்தோரியோ எமானுவேலே தெருவும் வெட்டுகிற நாற்சந்தி அது. 1608இல் தொடங்கிக் கட்டியது. மூலைக்கொன்றாக உள்வளைந்த நான்கு முகப்புகள், கீழே பருவங்களின் நீரூற்று, நடுவில் ஸ்பெயின் அரசர்கள், மேலே ஊரைக் காக்கும் புனிதைகள். பகலில் எந்நேரமும் ஏதாவதொரு முகப்பில் வெய்யில் படுவதால் இதைச் சூரிய அரங்கு என்பார்கள். பத்து மணிக்குப் பிறகு சுற்றுலாக்காரரும் மூன்று சில்லு வண்டிகளும் நிரம்பிவிடும், நின்று பார்க்க இடமிருக்காது. அந்த வண்டிக்காரரும் குதிரை வண்டிக்காரரும் அப்பாவைப் பார்த்தவுடன் கூப்பிடுவார்கள். ஏற முன்னம் விலை பேசாமல் ஏறவே கூடாது, விலை ஆளுக்கா வண்டிக்கா என்பதையும் கேளுங்கள்.

பக்கத்திலேயே பியாற்சா பிரத்தோரியா நீரூற்று. புளோரன்சில் ஒரு தோட்டத்துக்காகச் செய்ததை இந்த ஊர் விலைக்கு வாங்கி, 644 துண்டாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தது. சிலைகள் உடுப்பில்லாதவை. அதனாலேயே வெட்கச் சதுக்கம் என்று பெயர்.

பிறகு கத்தீதிராலே, ஊரின் தலைமைத் தேவாலயம். உள்ளே போகாமலே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தெற்குப் பக்கத்து வாசல் மண்டபத்தில் இடது தூணுக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சட்டத்துக்குள் அரபு எழுத்து செதுக்கியிருக்கும். அது குர்ஆன் வசனம். இந்த இடம் முன்பு பள்ளிவாசலாக இருந்தது; நோர்மன் காலத்தில், 1185இல் தேவாலயம் கட்டியபோதும் பழைய தூணை எறியவில்லை. தேவாலய வாசலில் குர்ஆன் வரியைத் தாங்கி அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. பெரும்பாலானோர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து பல்லாரோ சந்தை. உங்களுக்குத் தெரிந்த இடம்தான், ஆனால் விருந்தாளிகளுக்குக் காலைச் சந்தை பெரிய காட்சி. பைகளை முன்னால் போடச் சொல்லுங்கள். பசித்தால் பனெல்லே வாங்கிக் கொடுங்கள், கடலைமாவும் பார்சிலி இலையும் சேர்த்துப் பொரித்தது, மரக்கறிக்காரருக்கு ஏற்றது. அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்று உருண்டையை நம்பி வாங்காதீர்கள். ‘அல் பூர்ரோ’ என்றால் வெண்ணெய்தானே என்று நினைப்போம், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். மில்சா பாணுக்குள் இருப்பது மாட்டின் மண்ணீரல், அப்பாவிடம் முதலே சொல்லுங்கள்.

வெய்யில் ஏறினால் பியாற்சா மரீனா. கரிபால்டி தோட்டத்துக்குள் நிற்கிற ஃபைக்கஸ் மரத்தைக் கண்டதும் உங்கள் அம்மா ஆலமரம் என்றுதான் சொல்வார். உண்மையில் அவுஸ்திரேலிய இனம், ஆலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். 1860களில் தோட்டம் போட்டபோது வைத்தது, இன்று முப்பது மீட்டர் மட்டில் உயரம். கொப்புகளிலிருந்து இறங்கிய விழுதுகள் தரையைத் தொட்டுத் தடித்துத் தனித்தனி அடிமரமாகிவிட்டன. அடியிலே பலகை போல எழும்பிய வேர்களுக்கிடையில் ஒரு பிள்ளை ஒளிந்து நின்றால் தெரியாது. வேரில் ஏற விடாதீர்கள். சுற்றியுள்ள இரும்பு வேலியில் முயலும் பறவையும் வில்லும் அம்பும் வார்த்திருக்கிறது, அதைத் தேடிப்பிடிக்க விடுங்கள். உள்வாசலைப் பூட்டியிருந்தாலும் வேலிக்கு வெளியிலிருந்தே மரம் முழுக்கத் தெரியும்.

பொதுக் கழிப்பறை இந்த ஊரில் அரிது. ‘பார்’ என்கிற கோப்பிக் கடையில் நின்றபடி ஒரு கோப்பி குடித்தால் கழிப்பறைத் திறப்பைக் கேட்கலாம், தண்ணியும் ஒரு கிளாஸ் தருவார்கள். கதிரையில் இருந்தால் விலை வேறு.

பின்னேரம் ஐந்துக்குப் பிறகு ஃபோரோ இத்தாலிக்கோ. கடலோரமாக நீளப் புல்வெளி, பட்டம் விடலாம், பந்தடிக்கலாம், பாய் விரித்து வீட்டுச் சோற்றைப் பிரித்து உண்ணலாம். குளிக்கக் கூடாது, தடைப் பலகை போட்டிருக்கிறது. இது கிழக்குப் பார்த்த கரை. சூரியன் ஊருக்குப் பின்னால்தான் விழும், ஆகவே அஸ்தமனம் தேடி வந்தால் ஏமாற்றம். உதயத்துக்கு வந்தால் கடலுக்கு மேலாலே காணலாம். அப்பாவுக்கு நடக்க ஏற்ற இடமும் இதுதான், சமதரை. தெற்கு முனையில் வில்லா ஜூலியா பூங்கா, 1778இல் முடித்தது, உள்ளே போக இலவசம். அதை ஒட்டியுள்ள தாவரவியல் பூங்காவுக்கு ரிக்கெற் உண்டு, வாசல் மாறிப் போகாதீர்கள்.

அண்ணா சுவிஸிலிருந்து காரில் வருவதென்றால் நடுநகரத்துக்குள் இசட்.டி.எல்., அதாவது வாகனக் கட்டுப்பாட்டு வலயத்தின் கமரா இருக்கிறது. தெரியாமல் நுழைந்தால் தண்டக் கடிதம் மாதங்கள் கழித்து சுவிஸ் வீட்டுக்கே போகும். நீலக் கோடு காசுக்கு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோட்டில் நிறுத்தவே கூடாது. பஸ் ரிக்கெற்றை சிகரெட் விற்கிற தபாக்கிக் கடையில் முதலே வாங்கி, ஏறியவுடன் மெசினில் அடியுங்கள். அடிக்காத ரிக்கெற் கையில் இருந்தாலும் தண்டம்தான்.

வருகிறவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இங்கே நிற்பார்களென்றால் அன்று அரச அருங்காட்சியகங்களும் பழைய கட்டடங்களும் இலவசம். பக்கத்து ஊரான மொன்ரியாலேயின் மடத்து முற்றத்தையோ சான் ஜொவான்னி தெல்லி எரெமித்தி என்ற பழைய தேவாலயத்தின் தோட்டத்தையோ அந்த நாளுக்கு வையுங்கள். திறக்கிற நேரத்துக்கே வரிசையில் நில்லுங்கள், பத்தரைக்குப் பிறகு வரிசை வெய்யிலுக்குள் நீண்டுவிடும்.