கீமோவுக்குப் பின் காய்ச்சல்: இரத்த ரிப்போட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. மார்பகப் புற்றுநோய்க்காகத் தெல்லிப்பழையில் கீமோ மருந்து ஏற்றி வருகிறோம். எங்கள் வீடு புதுக்குடியிருப்பில் இருக்கிறது. மூன்றாவது முறை மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் மாலை அவருக்குக் காய்ச்சல் 101 பாகை காட்டியது. டெங்குவோ என்று பயந்து தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் எப்.பி.சி. என்ற இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனையும் சி.ஆர்.பி.யும் செய்வித்தோம். வெண்குழியங்கள் 1,400, நியூட்ரோபில் 22 வீதம், சி.ஆர்.பி. 8 என்று வந்தது. சி.ஆர்.பி. பெரிதாகக் கூடவில்லை, கிருமித் தொற்று இராது என்று தெரிந்தவர்கள் சொன்னதால் பனடோல் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தோம். விடியற்புறம் நடுக்கம் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது சி.ஆர்.பி. 96 ஆகியிருந்தது. இப்போது சுகமாகி வீடு திரும்பிவிட்டார். முதல் ரிப்போட் பிழையா? அடுத்த முறை எந்தப் பரிசோதனை செய்து பார்த்தால் பயமில்லாமல் வீட்டில் வைத்திருக்கலாம்? புரோகல்சிற்றோனின் என்ற பரிசோதனை இதைவிடத் திறமானது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அம்மா தேறி வந்தது மிகுந்த ஆறுதல் தருகிறது. அந்த முதல் ரிப்போட்டில் பிழை இருந்ததாகத் தெரியவில்லை. அதில் முக்கியமான எண் ஒன்று இருந்தது. எல்லோருடைய கவனமும் சி.ஆர்.பி.யில் இருந்ததால் அது கண்ணில் படவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், அவரைப் பயமின்றி வீட்டில் வைத்திருக்கலாம் என்று உறுதி சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இந்தப் பரிசோதனைகள் எல்லாம் வைத்தியசாலைக்குப் போன பிறகு, ஆபத்து எவ்வளவு, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்க உதவுபவை. போவதா இல்லையா என்பதைக் காய்ச்சல்மானி காட்டும் அளவை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

நான் சொன்ன அந்த எண்ணை நீங்களே கணக்கிடலாம். மொத்த வெண்குழியம் 1,400. அதில் நியூட்ரோபில் 22 வீதம் என்றால், ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 308 நியூட்ரோபில்களே இருந்திருக்கின்றன. சில ஆய்வுகூடங்கள் இதே கணக்கை ஆயிரங்களில் 1.4 என்றும் 0.31 என்றும் அச்சிடும், பொருள் ஒன்றுதான். பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்ளும் கலங்கள் நியூட்ரோபில்கள். அவை 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று ஆபத்து ஏறுகிறது என்பதையும், 100க்குக் கீழே போகும்போது அது மிகக் கடுமையாகிறது என்பதையும் ஜெரால்ட் போடி என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இரத்தப் புற்றுநோயாளரிடம் ஆராய்ந்து 1966ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். இன்று உலகெங்கும், நியூட்ரோபில் 500க்குக் கீழே இருக்கும்போதோ அடுத்த 48 மணித்தியாலத்தில் அவ்வாறு இறங்கும் என்று எதிர்பார்க்கும்போதோ, வெப்பநிலை ஒரு தடவை 101 பாகை பரனைட்டைத் தொட்டாலும், அல்லது 100.4 பாகையில் ஒரு மணித்தியாலம் நின்றாலும், அதை அவசர நிலையாகவே கொள்கிறோம். பெரும்பாலான கீமோ மருந்துகளில் மருந்து ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் இந்தக் கலங்கள் மிகக் குறைவாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது பத்தாம் நாள். அன்று அந்த எண் 308க்குப் பதில் 800 ஆக இருந்திருந்தாலும், அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், என் பதில் மாறியிராது.

நியூட்ரோபில் இல்லாத உடலில் தொற்று தன் வழமையான அடையாளங்களைக் காட்டுவதில்லை. புண்ணில் சீழ் கட்டாது, ஊசி ஏற்றிய இடம் பெரிதாகச் சிவக்காது, நெஞ்சு எக்ஸ்ரேயும் தொடக்கத்தில் தெளிவாகவே இருக்கலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கும். அதையும் பனடோல் சில மணித்தியாலங்களுக்கு மறைத்துவிடும்.

சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது ஈரல் சுரக்கும் ஒரு புரதம். தொற்று தொடங்கி ஆறு முதல் எட்டு மணித்தியாலம் கழிந்த பின்னரே அது தெளிவாக ஏறத் தொடங்கும். உச்சத்தைத் தொட ஒன்றரை நாள், இரண்டு நாள்கூடப் பிடிக்கும். ஆகவே காய்ச்சல் தொடங்கிய மாலையில் எடுத்த இரத்தத்தில் 8 என்றும், மறுநாள் காலை 96 என்றும் வந்தது அந்தப் புரதத்தின் இயல்புக்குப் பொருத்தமானதே. மறுபுறம், புற்றுநோயாலும், அண்மையில் செய்த சத்திர சிகிச்சையாலும், தொற்று எதுவும் இல்லாமலேயே சி.ஆர்.பி. கூடியிருக்கலாம். ஒரே ஒரு சி.ஆர்.பி. அளவை வைத்துக்கொண்டு தொற்று உண்டு, இல்லை என்று தீர்ப்பளிப்பதை நான் ஏற்பதில்லை. வைத்தியசாலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும்போது அது இறங்கி வருகிறதா என்று பார்ப்பதில்தான் அதன் உண்மையான பயன் இருக்கிறது.

புரோகல்சிற்றோனின் சற்று விரைவானது. பாக்டீரியா இரத்தத்தில் கலந்து மூன்று, நான்கு மணித்தியாலங்களிலேயே அது ஏறத் தொடங்கும். வைரஸ் காய்ச்சலில் பொதுவாக அவ்வளவு கூடாது. உடலின் பல இழையங்கள் அதைச் சுரப்பதால், வெண்குழியங்கள் குறைந்தவர்களிடமும் அது ஏறும். அளவு 0.5 நனோகிராமைத் தாண்டினால், அதிலும் மிக உயர்ந்திருந்தால், பாரதூரமான தொற்று இருக்கலாம் என்று நாங்கள் விழிப்படைகிறோம். ஆனால் குறைவாக இருந்தால் தொற்று இல்லை என்று அன்ரிபயோட்டிக்கை நிறுத்தி வைக்கும் துணிவை அது எங்களுக்குத் தருவதில்லை. அதைச் செய்ய இரத்தத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், முதல் ஊசி மருந்து போட்டு முடிந்திருக்க வேண்டும்.

டெங்கு என்று பயந்ததாக எழுதியிருந்தீர்கள். வன்னியில் மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் வரக்கூடியவை என்பதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு எங்கள் மக்களிடம் ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது: இரண்டு நாள் பனடோலோடு இருந்து, மூன்றாம் நாள் எப்.பி.சி. பார்ப்பது. கீமோ எடுப்பவருக்கு இந்தப் பழக்கம் உயிராபத்தானது. அத்துடன், டெங்குவில் வெண்குழியமும் குருதிச் சிறுதட்டுகளும் குறைவதைப் போலவே கீமோவிலும் இரண்டும் குறையும் என்பதால், எப்.பி.சி.யை மட்டும் பார்த்து இது டெங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தேவையெனில் டெங்குப் பரிசோதனையை அன்ரிபயோட்டிக் ஏறிக்கொண்டிருக்கும்போதே விடுதியில் செய்துகொள்ளலாம்.

வைத்தியசாலையில் நடக்க வேண்டியது என்னவென்று தெரிந்திருந்தால் நீங்களும் அங்கு உறுதியாகக் கதைக்கலாம். அன்ரிபயோட்டிக் போடுவதற்கு முன் இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பார்கள். தாதி தோலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு போத்தலுக்கும் 8 முதல் 10 மில்லிலீற்றர் அளவில், இயன்றால் இரண்டு வேறு இடங்களிலிருந்து எடுப்பார். மருந்து ஏற்றுவதற்கென நெஞ்சில் குழாய் வைத்திருந்தால் அதிலிருந்தும் எடுப்பார். இரத்தம் குறைந்த மனுசியிடம் இவ்வளவு எடுக்கிறார்களே என்று உறவினர் மனம் நோவது எனக்கு விளங்குகிறது. ஆயினும் இரத்தத்தின் அளவு குறைந்தால் கிருமி அகப்படும் வாய்ப்பும் குறையும். அவ்வளவு எடுத்தும் இத்தகைய நோயாளரில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர் முதல் நால்வருக்கு ஒருவர் வரையில்தான் கிருமி வளர்ந்து தெரியும். அதற்கும் ஓரிரு நாள் ஆகும் என்பதால், முடிவு வரும்வரை காத்திராமல், வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் அன்ரிபயோட்டிக் நரம்பில் ஏற வேண்டும் என்பதே இலக்கு. சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும், வசதியுள்ள இடங்களில் இரத்தத்தில் லக்ரேற் என்ற பொருளின் அளவும் உடன் செய்யப்படும். லக்ரேற் 2க்கு மேல் இருந்தால் பிரஷர் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் இரத்த ஓட்டம் தளர்கிறதோ என்று சந்தேகிக்கிறோம்.

ஆபத்தை அளவிட உலகெங்கும் பயன்படும் மாஸ்க் என்ற புள்ளி முறையில் இரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. ஆளின் களைப்பு, பிரஷர், நீரிழப்பு, நாட்பட்ட சுவாச நோய், வயது அறுபதுக்குக் கீழா, காய்ச்சல் வந்தபோது வீட்டில் இருந்தவரா என்பன போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்து, 26இல் 21 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்துக் குறைவு என்று கொள்கிறார்கள். மருத்துவர் கட்டிலருகே நின்று ஆளைப் பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பிருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம். ஆபத்துக் குறைந்தவர்களைச் சில மணித்தியாலம் அவதானித்துவிட்டு வாயால் எடுக்கும் மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஆனால் அமெரிக்க வழிகாட்டல் அதற்கு வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, வீடு வைத்தியசாலையிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள், அல்லது 48 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது. தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றர் அளவில் போக வேண்டிய உங்களுக்கு, அம்மாவை விடுதியில் மறிப்பதே பெரும்பாலும் சரியான முடிவாக இருக்கும். அதை எதிர்த்து நிற்காதீர்கள்.

அதே காரணத்துக்காக, காய்ச்சலோடு நேரே தெல்லிப்பழைக்குப் புறப்படவும் வேண்டாம். இரவென்றாலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையோ மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலையோ எது விரைவில் அடையக்கூடியதோ அங்கே போய், வாசலிலேயே "கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், காய்ச்சல் 101" என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் கொடுங்கள். முதல் மருந்து அங்கே ஏறட்டும். மாற்றி அனுப்ப வேண்டுமானால் அதன் பின் அவர்கள் அனுப்புவார்கள். காய்ச்சலை அளந்து எழுதாமல் பனடோல் கொடுக்க வேண்டாம். டைக்ளோபெனக், இபுபுரோபென் போன்ற நோ மாத்திரைகளும், பின்வழியாக வைக்கும் குளிசைகளும் வேண்டவே வேண்டாம். கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து காய்ச்சலை அமுக்கிவிடக்கூடும் என்பதால், காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், மயக்கம், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் இதே அவசரத்தோடு புறப்படுங்கள்.

இனி நான்காவது மருந்து ஏற்றும் நாள் வரும். அதற்கு முன் செய்யும் எப்.பி.சி.யில் நியூட்ரோபில் போதிய அளவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே மருந்து ஏற்றுவார்கள். இம்முறை வந்ததுபோல ஒரு காய்ச்சல் வந்திருந்தால், மருந்தின் அளவைக் குறைப்பதா, சில நாட்கள் தள்ளிப்போடுவதா, நியூட்ரோபில்லைக் கூட்டும் ஊசியைச் சேர்ப்பதா என்று உங்கள் புற்றுநோய் வைத்தியர் யோசிப்பார். அதற்கு அவருக்கு அந்த முதல் ரிப்போட்டும், வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையும், இரத்த வளர்ப்பில் ஏதும் கிருமி வளர்ந்திருந்தால் அந்த முடிவும் தேவைப்படும். மூன்றையும் கொப்பியோடு சேர்த்துத் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோங்கள்.