டிரெயில் சைக்கிள் அப்கிரேட்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: போன வருஷம் ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் டிரெயில் சைக்கிள் வாங்கினேன். முன்னால் 130 மி.மீ., பின்னால் 125 மி.மீ. ட்ராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்). 11 ஸ்பீட், இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கோத்தகிரி பக்கம் ஓட்டுகிறேன். என் எடை 72 கிலோ. அப்கிரேடுக்கு 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 12 ஸ்பீடுக்கு மாறுவதா, கார்பன் வீல் போடுவதா? – வாசகர், கோவை

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் கேட்காமல் விட்ட இடத்தில்தான் காசு போக வேண்டும்: டயர், பிரேக், சஸ்பென்ஷன் செட்டிங்.

முதலில் ஃபோர்க்குக்கும் (முன் சஸ்பென்ஷன்) ஷாக்குக்கும் (பின் சஸ்பென்ஷன்) காற்றடிக்கும் ஷாக் பம்ப் ஒன்று வாங்குங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு நல்லதே கிடைக்கும். கடையில் டெலிவரி எடுத்தபோது அடித்த காற்றோடு வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு, ‘இந்த ஷாக் சரியில்லை’ என்று விற்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. தண்ணீர்ப் பை, ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் ஏறுங்கள். குதிக்காமல் உட்கார்ந்து, மெதுவாக இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் 25 முதல் 30 சதவீதம், ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம் அமுங்கினால் சரி. பின்பக்கக் கணக்கைச் சக்கரத்தின் 125 மி.மீ. ட்ராவலை வைத்துப் போடக் கூடாது. ஷாக்கின் ஸ்ட்ரோக்கை, அதாவது ஷாக் தண்டு உள்ளே போகும் நீளத்தை வைத்துப் போட வேண்டும். ஸ்ட்ரோக் 50 மி.மீ. என்றால் வளையம் 12.5 முதல் 15 மி.மீ. வரை நகர வேண்டும். பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வரும் காற்று ஹோஸில் இருந்தது, ஷாக்கில் இருந்தது அல்ல. மறுபடி மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். காற்று இறங்கிவிட்டதென்று பயந்து கூடுதலாக அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும்பும் வேகம். சீட்டில் உட்கார்ந்தபடி நடைபாதை ஓரத்திலிருந்து இறங்கிப் பாருங்கள். பின்பக்கம் ஒருமுறை எழும்பி அடங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ரீபவுண்ட் வேகம் அதிகம், திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி வேகத்தைக் குறையுங்கள். இதுவரை பம்புக்கு மட்டும்தான் செலவு.

அடுத்தது டயர், அதிலும் முன் டயர். புது சைக்கிளில் வரும் டயர்கள் பெரும்பாலும் விலைக்காகப் போட்ட கெட்டி ரப்பர். தேயிலைத் தோட்டத்து ஈரச் சருகிலும் வேரிலும் அது வழுக்கும். முன்னால் மேக்ஸிஸ் அஸகாய் அல்லது மினியன் டிஹெச்எஃப் மாதிரி ஆழப் பல்லுள்ள 2.5 இஞ்ச் டயர் போடுங்கள். ஒரே மாடல் இரண்டு மூன்று வகை ரப்பரில் வரும். மேக்ஸ்கிரிப் சீக்கிரம் தேயும், ஆனால் முன்னால் போட அதுதான் நல்லது. இப்போதைய முன் டயரின் பல் நன்றாக இருந்தால் அதைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கையோடு ட்யூப்லெஸ்ஸும் செய்துவிடுங்கள். 29 இஞ்ச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) போதும். உங்கள் எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, ரிம் கல்லில் தட்டினால் ஒன்றிரண்டு ஏற்றுங்கள். நம் ஊர் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரை ஆட்டிப் பார்த்து, உள்ளே சலசலப்பு கேட்கவில்லை என்றால் ஊற்றுங்கள்.

பிரேக்கையே மாற்ற வேண்டியதில்லை. முன் ரோட்டாரை 180லிருந்து 203 மி.மீ.க்கு ஏற்றினாலே கோத்தகிரி இறக்கத்தில் விரல் வலி குறையும். ரோட்டாரோடு ஒரு அடாப்டரும் வேண்டும். உங்கள் ஃபோர்க் அதிகபட்சம் எந்த அளவு ரோட்டாரை ஏற்கும் என்று அதன் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலச் சேற்றில் ரெசின் பேட் வேகமாகக் கரையும், மெட்டல் பேட் தாங்கும். ஆனால் மாற்றும் முன் ரோட்டாரை உற்றுப் பாருங்கள். விலை குறைந்த ஷிமானோ ரோட்டார்களில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டாரே தேய்ந்து போகும். பல கடைகள் இதைச் சொல்வதில்லை. சில கடைகளுக்குத் தெரியவும் தெரியாது.

ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் ட்ராப்பர் போஸ்ட் இல்லையென்றால் அடுத்த செலவு அதற்குத்தான். இறக்கத்தில் சீட்டைக் கீழே அனுப்பிவிட்டு ஓட்டிப் பழகியவர் திரும்பிப் போக மாட்டார். சீட் ட்யூபின் விட்டம் 30.9, 31.6, 34.9 மி.மீ. ஆகியவற்றில் எது என்று பாருங்கள். போஸ்ட் உள்ளே எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேமில் சீட் ட்யூப் பாதியிலேயே வளைவதோ பிவட் (ஃப்ரேம் மடங்கும் மூட்டு) குறுக்கிடுவதோ சகஜம். 170 மி.மீ. போஸ்ட் வாங்கிவிட்டு, பாதி உள்ளே போகாமல் ஒட்டகம் மாதிரி உட்கார நேரும்.

12 ஸ்பீடுக்கு மாற ஷிஃப்டர், டீரெய்லர், கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு), செயின், பெரும்பாலும் கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப் பாடியும் வேண்டும். இவ்வளவு செலவுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கியர். உங்களிடம் இருப்பது 11-51 கேசட் என்றால் ஏற்றத்துக்கு அதுவே தாராளம். செயின் செக்கர் 0.5 காட்டியதும் செயினை மட்டும் மாற்றுங்கள், கேசட் இன்னும் பல காலம் வரும்.

மிச்சப் பணத்தை சர்வீஸுக்கு வையுங்கள். ராக்ஷாக்ஸ் ஃபோர்க்குகளுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை லோயர் லெக் சர்வீஸ், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை அடக்கும் டேம்பர் உட்பட முழு சர்வீஸ். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நாலு மாதத்தில் 50 தாண்டிவிடும். உங்கள் ஃபோர்க்கை இதுவரை யாராவது திறந்தார்களா? இல்லையென்றால் முதல் பில் அதுதான்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் 130 மி.மீ. ராக்ஷாக்ஸ் பைக் (Pike) மாடல் ஃபோர்க் இருக்கிறது. 150 மி.மீ. ஃபோர்க்கும் பின்னால் காற்றுக்குப் பதில் ஸ்பிரிங் உள்ள காயில் ஷாக்கும் போட ஆசை. டான் வேலியில்தான் அதிகம் ஓட்டுகிறேன். – வாசகர், டொராண்டோ

பதில்: 20 மி.மீ. கூட்டினால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். இறக்கத்தில் அது நன்றாகவே இருக்கும். கூடவே சீட் ஆங்கிளும் பின்னால் சாயும், பெடல் அச்சு உயரும். டான் வேலியில் ஏற்றங்கள் குட்டை, ஆனால் செங்குத்து. அங்கே முன்சக்கரம் தூக்கிக்கொண்டு அலையும். ஃப்ரேம் கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்டினால் ஹெட் ட்யூப் வெல்டுக்குக் கூடுதல் சுமை, வாரன்டியும் போச்சு. பல கம்பெனிகள் 10 மி.மீ. வரை ஒப்புக்கொள்கின்றன. மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சரி என்றால் புது ஃபோர்க் தேவையில்லை. பைக் ஃபோர்க்கில் உள்ளிருக்கும் ஏர் ஸ்பிரிங் ஷாஃப்டை மட்டும் 140க்கு மாற்றலாம், புது ஃபோர்க்கோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. அந்த ஃபோர்க்கின் மாடல் வருஷத்துக்குப் பொருந்தும் ஷாஃப்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயில் விஷயத்தில் ஆசையைவிட ஃப்ரேம் முக்கியம். ஏர் ஷாக் கடைசியில் தானாகவே இறுகும், காயில் அப்படி இறுகாது. அந்த இறுக்கத்தை ஃப்ரேமின் லிங்க்கேஜ் தர வேண்டும். அது தராத ஃப்ரேமில் காயில் போட்டால் சின்னக் குதிப்புக்கெல்லாம் அடி தட்டும். உங்கள் மாடலுக்கு காயில் ஆகும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், இருக்கிற ஏர் ஷாக்கில் ஒரு வால்யூம் ஸ்பேசரை (காற்று இடத்தைக் குறைக்கும் துண்டு) கூட்டியோ குறைத்தோ ஓட்டிப் பாருங்கள். டாலர் இருபதுக்குள் முடிகிற வேலை. காயில் வாங்கியே தீருவதென்றால் ஷாக்கின் நீளம், ஸ்ட்ரோக் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். 210x50, 210x55 இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதிகமான அந்த 5 மி.மீ.யில் பின்சக்கரம் சீட் ட்யூபில் போய் உரசக்கூடும்.

கேள்வி: ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள் வாங்கினேன். நல்ல ஃபோர்க், ஷாக் போட்டு டிரெயில் சைக்கிளாக ஆக்க முடியுமா? – வாசகர், சென்னை

பதில்: முடியாது. அதன் ஷாக்கில் ஸ்பிரிங் மட்டும்தான், டேம்பிங் கிடையாது. பிவட்டில் பேரிங்குக்குப் பதில் புஷ் (உருளைகள் இல்லாத வெற்று வளையம்). ஃப்ரேமில் த்ரூ ஆக்சிலும் (சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் தடித்த அச்சு) இல்லை. நல்ல ஃபோர்க் ஒன்றின் விலையே அந்த சைக்கிளைவிட அதிகம். ஃப்ரேமில் ‘சாலைக்கு மட்டும்’ என்கிற மாதிரி எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். நல்ல பிரேக் பேட் போட்டு பீச் ரோட்டில் ஓட்டுங்கள். பணம் சேர்ந்ததும் ஏர் ஃபோர்க்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் உள்ள, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கும் ஹார்ட்டெயில் வாங்குங்கள். அந்த விலையில் கிடைக்கும் எந்த டபுள் சஸ்பென்ஷனையும்விட அது காட்டுப்பாதையில் நன்றாக ஓடும்.

கேள்வி: பழைய கார்பன் ஃப்ரேம் டிரெயில் சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பார்ட்ஸ் எல்லாம் உயர்ரகமாக அப்கிரேட் செய்தது. ‘லைஃப்டைம் வாரன்டி உண்டு’ என்கிறார் விற்பவர். எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்த வாரன்டி பேச்சை மறந்துவிடுங்கள். ஜயன்ட், ட்ரெக் போன்ற கம்பெனிகளின் லைஃப்டைம் ஃப்ரேம் வாரன்டி முதலில் வாங்கியவருக்குத்தான். உங்கள் கைக்கு வந்ததும் அது பொதுவாக முடிந்துவிடும். சான்டா குரூஸ் தரும் இலவச பிவட் பேரிங்கும் அப்படியே. அந்த வாக்குறுதிக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

பகல் வெளிச்சத்தில், கழுவிய சைக்கிளைப் பாருங்கள். சீட்டைப் பிடித்து ஒரு விரற்கடை மேலே தூக்கி இறக்குங்கள். ‘டொக்’ என்று தட்டினால், அதே நேரத்தில் இன்னொருவரை ஷாக்கின் இரண்டு முனைகளிலும் பிவட்டுகளிலும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் முனையில் தட்டினால் புஷ் மாற்றினால் போதும், மலிவு. பிவட்டில் தட்டினால் முழு பேரிங் செட்டும் அதற்கான கூலியும் ஆகும். பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உபின் தீவின் கெத்தாம் பக்கம் அடிக்கடி ஓடிய சைக்கிள் என்றால் கடற்காற்றும் சேறும் பேரிங்கை ஒரு கை பார்த்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்கின் வழவழப்பான கால்களிலும் ஷாக் தண்டிலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். டவுன் ட்யூபின் அடிப்பக்கத்தில் கல்லடி பட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் அது என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். ஸ்ராமின் புது டிரான்ஸ்மிஷன் வகை கியரை எப்போதாவது போட நினைத்தால், ஃப்ரேமில் யுடிஹெச் (யுனிவர்சல் டீரெய்லர் ஹேங்கர்) இருப்பது கட்டாயம். 2019க்கு முந்தைய ஃப்ரேமில் அதைத் தேட வேண்டாம்.

கேள்வி: ஒரு இணையக் கடையில் ஷிமானோ 12 ஸ்பீட் 10-51 கேசட் வாங்கினேன். என் சக்கரத்தில் ஏறவில்லை. ‘பாக்ஸைத் திறந்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். – வாசகர், மதுரை

பதில்: 10 பல்லில் தொடங்கும் ஷிமானோ கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் பாடி வேண்டும். உங்களுடையது அகலப் பள்ளமுள்ள பழைய ஹெச்.ஜி. பாடியாக இருக்க வேண்டும். முதலில் அந்த வலைப்பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். ‘ஹெச்.ஜி. ஹப்புக்குப் பொருந்தும்’ என்று அதில் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் மட்டும் எங்கும் போகாதீர்கள்.

வலைப்பக்கத்தில் மைக்ரோ ஸ்ப்லைன் என்று தெளிவாக எழுதியிருந்தால் சட்டம் உங்களுக்கு உதவாது. அப்போது உங்கள் ஹப் கம்பெனி மைக்ரோ ஸ்ப்லைன் பாடியைத் தனியாக விற்கிறதா என்று விசாரியுங்கள். பல ஹப்புகளில் பாடியைக் கையாலேயே இழுத்து மாற்றிவிடலாம். இல்லையென்றால் இந்தக் கேசட்டைப் பிரித்த பொருளாக விற்றுவிட்டு, ஹெச்.ஜி. பாடியிலேயே ஏறும் 11 பல் தொடக்கமுள்ள 12 ஸ்பீட் கேசட் வாங்கலாம். ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் 11-50 அந்த ரகம்.

பில்லைக் கையில் எடுத்ததோடு வரியையும் பாருங்கள். சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ‘பழைய ஸ்டாக் சார்’ என்று 12 போட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் அலுமினிய ஃப்ரேமுக்கு வேறு கலரில் பவுடர் கோட்டிங் அடிக்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: அடிக்கலாம், வாரன்டி காலம் முடிந்திருந்தால். அதற்குள் அடித்தால் கம்பெனி கை கழுவிவிடும். ஃப்ரேமை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வேலை இது, அதனால் ஷாக், பிவட் பேரிங், ஹெட்செட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பேரிங் உட்காரும் குழிகளிலும் மரைகளிலும் பெயின்ட் ஏறாமல் மறைக்கச் சொல்லுங்கள். மோட்டார் பைக் அலாய் வீலுக்கு அடிக்கும் பட்டறைகள் இதைக் கவனிக்காமல் அடித்துவிடும், பிறகு பேரிங் உள்ளே போகாது. பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் கோட்டிங்குக்கு முன் போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள்.