எட்டு வாரமும் வீணா?

கேள்வி:

வணக்கம் மேடம். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. இந்தக் கோடையில் வேறொரு நிறுவனத்தில் எட்டு வார ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். என் கைடு அரை மனதோடுதான் அனுப்பினார். இங்குள்ள பேராசிரியர் கிராஃப்களை, அதாவது முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்புகளைப் பற்றிய ஒரு சமனின்மையைக் கொடுத்து, எல்லா கிராஃப்களுக்கும் இது உண்மையா என்று பார்க்கச் சொன்னார். ஒரு முனையை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டு நிரூபிக்கும் தொகுத்தறிதல் வழியில் போனேன். நீக்கும் முனையில் இரண்டு கோடுகளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நிரூபணம் சரியாக வருகிறது. மூன்று என்றால் சரிந்துவிடுகிறது. ஐந்து வாரமாக அதே இடத்தில் நிற்கிறேன். 8 முனைகள் வரை கணினியில் பார்த்தாயிற்று, பொய் என்று காட்டவும் ஓர் உதாரணம் அகப்படவில்லை. இன்னும் பத்து நாளில் எல்லோர் முன்பும் 20 நிமிடம் பேச வேண்டும். என் அறைத்தோழி உயிரியல் மாணவி. அவளிடம் நுண்ணோக்கிப் படங்கள் மட்டுமே 30 இருக்கின்றன. நான் எதைக் காட்டுவது? திரும்பிப் போய் கைடிடம் என்ன சொல்வது? அடுத்த கோடையில் பேசாமல் ஏதாவது கோடைப் பள்ளிக்குப் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வந்துவிடலாமா?

பெயர் வேண்டாம்

பதில்:

நான் ஆய்வுக்கூடத்துக்காரி. லேசரும் கண்ணாடியும்தான் என் பிழைப்பு. அதனால் கிராஃப் கோட்பாட்டிலேயே ஊறிய தோழி ஒருத்தியிடம் உங்கள் கடிதத்தின் நடுப்பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "இந்தப் பெண் தேற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டே தேற்றம் இல்லை என்கிறாளே" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு கிராஃபிலிருந்து, இரண்டு அல்லது அதற்குக் குறைவான கோடுகள் உள்ள ஒரு முனையை நீக்குகிறீர்கள். மிச்சத்திலும் அப்படி ஒரு முனை இருந்தால் அதையும் நீக்குகிறீர்கள். இப்படியே கழற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக்கூடிய கிராஃப்கள் ஏராளமாக இருக்கின்றன. சுற்றி வரும் வழியே இல்லாத கிராஃப்கள், அதாவது மரங்கள், எல்லாம் அதில் அடங்கும். வளையமாக மூடிக்கொள்ளும் சுழற்சிகள் அடங்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், எல்லா முனைகளும் வெளி ஓரத்தில் இருக்கும்படி வரையக்கூடிய கிராஃப்கள் அத்தனையும் அடங்கும். இந்த வகைக்கு 2-டீஜெனரேட் கிராஃப்கள் என்று பெயரே இருக்கிறது. மிகச் சின்ன கிராஃபுக்கு நீங்கள் காட்டிய தொடக்கப் படி சரியாக இருந்தால், சமனின்மையை இந்த வகை முழுவதற்கும் நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். 'எல்லா கிராஃப்களுக்கும்' என்ற சொல்லையே வெறித்துக்கொண்டிருந்ததில் இது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பேச்சின் முதல் பத்து நிமிடம் தயார். கேள்வி என்ன, அதை ஏன் கேட்கிறோம், இந்த வகைக்கு நிரூபணம் இது. முதல் நிமிடத்திலேயே "நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். அடக்கம் என்று நினைத்து மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். கேட்கிறவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

அடுத்து, எங்கே உடைகிறது என்பதைக் காட்டுங்கள். கரும்பலகையில் நான்கு புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடும் இணையுங்கள். மொத்தம் ஆறு கோடுகள், எந்த முனையைத் தொட்டாலும் அதில் மூன்று. "இங்கேதான் நின்றுபோனேன்" என்று சொல்லி, இந்தக் குட்டி கிராஃபில் ஒரு முனையை எடுத்தால் உங்கள் சமனின்மையின் எந்தப் பக்கம் எவ்வளவு தேவைக்கு மேல் குறைகிறது என்று எழுதிக் காட்டுங்கள். அந்தக் கொஞ்சத்தை ஈடுகட்ட என்ன தெரிந்தால் போதும்? அதை ஒரே வரியில் எழுத முடிந்தால் அதுதான் உங்கள் அடுத்த கேள்வி. கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு அந்த வரி தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அரங்கிலிருந்து "இது ஏற்கெனவே இன்ன கட்டுரையில் இருக்கிறதே" என்று ஒரு குரல் வந்தாலும் பயப்படாதீர்கள். குறித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், ஆறு மாதம் மிச்சம்.

கணினியில் பார்த்ததைப் பற்றியும் தோழி ஒரு கேள்வி கேட்டாள்: "பீட்டர்சன் கிராஃபில் போட்டுப் பார்த்தாளா?" பத்து முனை, 15 கோடு, ஒவ்வொரு முனையிலும் சரியாக மூன்று. அவசரப்பட்டுச் சொன்ன எத்தனையோ ஊகங்களைக் கவிழ்த்த கிராஃப் அது. நீங்கள் 8 முனையோடு நிறுத்திவிட்டீர்கள். எல்லா முனையிலும் மூன்று கோடு இருக்கும் இணைந்த கிராஃப்கள் 4 முனையில் 1, 6 முனையில் 2, 8 முனையில் 5. ஆக, நீங்கள் தடுமாறும் இந்த இனத்தில் இதுவரை பார்த்தது மொத்தம் எட்டே எட்டு. 10 முனைக்குப் போனால் 19 இருக்கின்றன, 12 முனைக்கு 85, 14 முனைக்கு 509. இவற்றைக் கணினியில் உருவாக்கிச் சரிபார்க்க ஒரு மாலைப்பொழுது போதும் என்கிறாள். பேச்சுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

எதிர் உதாரணம் அகப்படாமலே நீண்ட நாள் நின்று பிறகு கவிழ்ந்த ஊகங்களில் கணித மேதை ஆய்லருடையதும் உண்டு. 1769-ல் அவர் சொன்ன ஊகம் ஒன்று: மூன்றைவிடப் பெரிய அடுக்குகளிலும், ஓர் எண்ணின் அடுக்கைப் பெற, அதே அடுக்கிலுள்ள எண்களை அந்த அடுக்கின் அளவுக்காவது கூட்டியாக வேண்டும். ஐந்தாம் அடுக்கு என்றால் குறைந்தது ஐந்து எண்கள். கிட்டத்தட்ட 200 ஆண்டு யாராலும் அசைக்க முடியவில்லை. 1966-ல் லேண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியில் தேடி 27, 84, 110, 133 ஆகிய நான்கின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144-ன் ஐந்தாம் அடுக்கு வருகிறது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் நீளம் இரண்டு வாக்கியம். உங்கள் 509-லும் அப்படி ஒன்று ஒளிந்திருந்தால் எட்டு வாரக் கதையே வேறாகிவிடும். ஒளிந்திருக்காவிட்டாலும் "எல்லா முனையிலும் மூன்று கோடு உள்ள இணைந்த கிராஃப்களை 14 முனை வரை பார்த்தாயிற்று" என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, இதையெல்லாம் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குக் கணக்கைக் கொடுத்த பேராசிரியரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அவர் ஒரே வரியில் வந்து போகிறார். வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். கோடைத் திட்டங்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அவருக்கும் இதன் விடை தெரியாது, அதனால்தான் உங்களிடம் கொடுத்தார். நாளைக்கே அந்த நான்கு புள்ளிப் படத்தோடு போய் உட்காருங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். நானும் இரண்டாம் ஆண்டுக் கோடையில் வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் பத்து வாரம் போனேன். ஒரு கரைசலின் வழியே லேசரைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்க வேண்டும். அளவீட்டுக் கோடு நேராக வர வேண்டிய இடத்தில் மெதுவாக ஏறி இறங்கியது. கரைசலைக் குறை சொன்னேன். புதிதாகக் கலக்கினேன். குப்பியை மாற்றினேன், கழுவினேன், மறுபடி மாற்றினேன். ஆறு வாரம் போனது. ஏழாவது வாரம் சும்மா நோட்டைப் புரட்டியபோது, கோடு உச்சிக்குப் போன நேரங்களை ஓரத்தில் குறித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது: 10.04, 10.21, 10.38. பதினேழு நிமிடம், பதினேழு நிமிடம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே ஏ.சி. அது ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் குளிர்காற்று கண்ணாடித் தாங்கியில் பட்டு, கதிர் மயிரிழை அளவு நகர்ந்திருக்கிறது. ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். கோடு நேராகிவிட்டது.

மீதி நாட்களில் கிடைத்த தரவு பாதி வரைபடத்துக்குக்கூடப் போதவில்லை. அவமானத்தில் அறிக்கையில் ஏ.சி. விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டேன். பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து, 'இதற்கு இரண்டு பக்கம் எழுது' என்று எழுதிக் கொடுத்தார். எழுதினேன். பல நாள் கழித்து அங்கே சேர்ந்த ஒரு மாணவர் சொன்னார், அந்த இரண்டு பக்கம் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறதாம்.

உங்கள் ஐந்து வாரத்தையும் அப்படி எழுதுங்கள். என்னென்ன வழியில் முயன்றீர்கள், ஒவ்வொரு வழியும் எந்த கிராஃபில் போய் முட்டியது என்று. இப்போது எழுதாவிட்டால் மூன்று மாதத்தில் உங்களுக்கே மறந்து, அதே வழியில் மறுபடி போவீர்கள். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் 1959 முதல் நடந்துவரும் புவி-இயற்பியல் பாய்ம இயக்கவியல் (கடலும் காற்றும் ஓடும் விதத்தைப் படிப்பது) கோடைத் திட்டத்தில், பத்து வாரத்தில் முதல் இரண்டு வாரம் விரிவுரை, பிறகு ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவருக்கும் ஒரு புதுக் கணக்கு. கடைசியில் ஒரு பேச்சு, எழுத்தில் ஓர் அறிக்கை. அந்த அறிக்கைகளை ஆண்டுதோறும் தொகுப்பாக்குகிறார்கள். இத்தனை அனுபவம் உள்ளவர்களே பத்து வாரத்தின் முடிவில் கேட்பது அறிக்கைதான்.

அறைத்தோழியின் 30 படங்களுக்கு வருகிறேன். அவள் ஏறியது ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. செல்களை வளர்க்கும் முறை, சாயம், நுண்ணோக்கியின் அமைப்பு எல்லாவற்றையும் முன்னால் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சரிசெய்து வைத்திருப்பார்கள். முதல் சில வாரம் பயிற்சியில் போனாலும் அப்புறம் படங்கள் வந்துகொண்டே இருக்கும். கணிதத்தில் முதல் நாளிலிருந்தே நடைதான். அவளிடமே கேட்டுப் பாருங்கள், அந்த முப்பதில் எத்தனை ஒரே சோதனையைத் திரும்பச் செய்தது என்று. அவளுக்கும் ராத்தூக்கம் இருக்காது.

கோடை என்றாலே வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையையும் யாராவது சொல்லிவிடுவார்கள். 1930-ல் 19 வயதில், ஆராய்ச்சி மாணவராகச் சேரக் கேம்பிரிட்ஜுக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டாரே, அது. கதை உண்மைதான். ஆனால் 1935 ஜனவரியில் லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அந்நாளின் பெரிய வானியலாளர் எடிங்டன் அதை எல்லோர் முன்பும் எள்ளி ஒதுக்கியதையும், நோபல் பரிசு 1983-ல் வந்ததையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

கைடு விஷயம். "வீணாகிவிட்டது சார்" என்று போய் நிற்காதீர்கள். அரை மனதோடு அனுப்பியவருக்கு "அப்பவே சொன்னேனே" என்று சொல்ல வசதியாகிவிடும். ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: நிரூபித்தது, உடைந்த இடம், கணினியில் பார்த்த எல்லை. கூடவே ஒரு கேள்வி: இது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகுமா, இல்லை இத்தோடு விட்டுவிடலாமா? அவருடைய உண்மையான கவலை உங்கள் ஆய்வேடு தள்ளிப்போகிறதா என்பதாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் அங்கே இரண்டு வேலை பாக்கி. ஒன்று, இந்தக் கணக்கை இனி யார் தொடர்வது, கட்டுரையானால் யார் பெயரெல்லாம் வரும் என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். கணிதத்தில் பெரும்பாலும் பெயர்கள் அகரவரிசையில் வரும் என்பதால் ஆய்வுக்கூடங்களில் நடக்கிற 'முதல் பெயர்' சண்டை உங்களுக்குக் குறைவு. ஆனால் பெயர் இருக்குமா இருக்காதா என்பதிலேயே மனக்கசப்பு வந்து நான் பார்த்திருக்கிறேன். இரண்டு, பரிந்துரைக் கடிதம் தருவீர்களா என்று அந்தப் பேராசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முட்டி நிற்கும்போது நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் கைடைத் தவிர நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதற்காகவாவது இந்தப் பத்து நாளில் அவர் கண்ணில் படுங்கள்.

கோடைப் பள்ளி என்பது ஒளிந்துகொள்ளும் இடம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சிசில் டெவிட்-மொரெட் 1951-ல் தொடங்கிய லெ உஷ் பள்ளிக்கு 1955-ல் மாணவராகப் போனவர் குளோத் கோஹன்-தனூஜி, 1997-ல் நோபல் பரிசு பெற்ற அதே இயற்பியலாளர். இரண்டு மாதம், நாளுக்கு ஆறு விரிவுரை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். பாடம் கேட்பதும் கடும் உழைப்புதான். ஆனால் உங்களுக்கு அடுத்த கோடையில் அது வேண்டுமா என்பது இந்த மூன்று கோடு விஷயம் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதைத் தாண்ட ஒரு புதுக் கருவி தேவை, அது ஏதோ ஒரு பள்ளியின் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். அறிவிப்பு அழகாக இருக்கிறது என்பதற்காகப் போகாதீர்கள். ஒரே கோடையில் இரண்டு பள்ளி வேண்டவே வேண்டாம், நோட்டு நிறையும், தலையில் ஒன்றும் தங்காது. எங்கும் போகாமல் சொந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற கோடையும் கோடைதான்.

பீட்டர்சன் கிராஃபில் என்ன வந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். தோழி தினமும் கேட்கிறாள்.