80ஜி இருந்தும் சிஎஸ்ஆர் பணம் ஏன் வரவில்லை?

80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் சான்று. சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூக நலனுக்குச் செலவிட வேண்டிய பணம். அதைப் பெற 80ஜி மட்டும் போதாது, டிரஸ்டுக்குத் தனியாக சிஎஸ்ஆர் பதிவு எண் வேணும். 2021 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாத டிரஸ்ட் மூலம் கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணம் செலவிட முடியாது.

கேரளாவின் கொழிஞ்சாம்பாறையில் பெரியவர்களுக்கு நீங்க நடத்தும் வெல்டிங் வகுப்பைக் கோவைக் கம்பெனி தட்டிக் கழித்ததற்கு அநேகமாக இதுதான் காரணம், கேரளா என்பதால் இல்லை. உள்ளூருக்கு முன்னுரிமை கொடு என்றுதான் சட்டம் சொல்கிறது, மாநில எல்லையான வாளையாறைத் தாண்டாதே என்றில்லை.

ஆடிட்டரிடம் அந்த எண்ணுக்கான சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டாச்சா என்று கேளுங்க. இல்லையென்றால், போடும் முன் பேன் கார்டு, 12ஏ (டிரஸ்டின் வருமான வரி விலக்குப் பதிவு), 80ஜி மூன்றையும் பக்கத்தில் வைத்து டிரஸ்ட் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்க. மலையாளப் பத்திரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஊர்ப்பெயர் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி விழும்.

பட்ஜெட்டில் மாஸ்டர் சம்பளம், ராடு, கண்ணாடி, கரண்ட் எல்லாத்தையும் பயிற்சிச் செலவிலேயே காட்டுங்க. 'நிர்வாகம்' என்று மொத்தமாகப் போட்டால் 5 சதவீத வரம்பைச் சொல்லி வெட்டப் பார்ப்பாங்க. அது கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு, உங்களுக்கு அல்ல. மெஷினை டிரஸ்ட் பெயரிலேயே வாங்கலாம்.

எண் வந்தாலும், இதே மாதிரி வேலையில் 3 வருஷ அனுபவத்தைக் காட்டணும். வருகைப் பதிவேட்டையும் தணிக்கைக் கணக்கையும் பத்திரமாக வைங்க.