ஜாப் டன் என்று வந்துவிட்டால் போதுமா? குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ: கேள்வி பதில்

பெங்களூரில் இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் ஆய்வில் இருக்கும் தமிழ் மாணவர்கள், பொருள்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் மென்பொருளான குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். இன்புட் ஃபைலில் வரும் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ஆற்றல் அளவுகள் பெரும்பாலும் ரிட்பெர்க்கில் இருக்கும். 1 ரிட்பெர்க் என்பது 13.6057 எலக்ட்ரான் வோல்ட்.

ஜக்கூர், முனைவர் பட்டம் இரண்டாம் ஆண்டு: அக்கா, இரும்பு ஆக்சைடு ஸ்லாப் ஒண்ணு ஓட்டுறேன். 100 சுற்று போயும் எஸ்சிஎஃப் கன்வர்ஜ் ஆகலை. ஆனா அவுட்புட் கடைசியில ஜாப் டன்னு வருது. அந்த எனர்ஜியை எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. எஸ்சிஎஃப் என்பது எலக்ட்ரான் அடர்த்தி மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பப் போடும் கணக்கு, அப்படி நிலைப்பதுதான் கன்வர்ஜ் ஆவது. புரோகிராம் விழாமல் கடைசி வரி வரை போனது என்பதற்கு மட்டும்தான் ஜாப் டன் சாட்சி. அதற்கு மேலே கன்வர்ஜென்ஸ் நாட் அச்சீவ்டு என்ற வரி இருந்தால், அதிலிருக்கும் ஆற்றல், விசை, காந்தத் திருப்புத்திறன் எதையும் தொடாதீர்கள்.

முதலில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் எஸ்டிமேட்டடு எஸ்சிஎஃப் அக்யூரசி என்ற எண்ணை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் பாருங்கள். நோயை அதுவே சொல்லிவிடும். மெதுவாக, ஆனால் விடாமல் குறைந்துகொண்டே வந்தால் சுற்றின் எண்ணிக்கையை 200 ஆக்கினால் போதும். மேலும் கீழுமாக ஆடினால் பழைய அடர்த்தியோடு புதியதை எவ்வளவு கலப்பது என்று சொல்லும் மிக்ஸிங் பீட்டாவைக் குறைக்க வேண்டும். நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் அது 0.7 என்று எடுத்துக்கொள்ளும். அதை 0.3 ஆக்குங்கள், போதாவிட்டால் 0.2, 0.1. ஸ்லாப் என்ற மெல்லிய அடுக்கு அமைப்பில் பாதி அணுக்கள், பாதி வெற்றிடம் என்பதால் மின்னூட்டம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அலைபாயும். அதற்கு மிக்ஸிங் மோடை லோக்கல்-டிஎஃப் என்று மாற்றுவது நல்ல பலன் தரும்.

எண் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டால் மிக்ஸிங்கைத் திருகிப் பயனில்லை, கேட்ட கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. உங்கள் இரும்பு ஆக்சைடில் நான் பார்க்கச் சொல்பவை இவை. ஸ்பின்னை இரண்டாக வைத்திருக்கிறீர்களா? எதிர்ஃபெரோ காந்த அமைப்பு என்றால் இரும்பை இரண்டு வகையாகப் பெயரிட்டு, ஒன்றுக்குத் தொடக்கக் காந்தமாக்கம் 0.5 என்றும் மற்றதற்கு மைனஸ் 0.5 என்றும் கொடுத்திருக்கிறீர்களா? கணக்கின் நடுவே மின்கடத்தியாக மாற வாய்ப்புள்ள பொருளுக்கு ஆக்குபேஷன்ஸை ஃபிக்ஸ்டு என்று விட்டால் எலக்ட்ரான்கள் இரண்டு பட்டைகளுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கும். பட்டைகள் நிரம்பும் எல்லையை மங்கலாக்கும் ஸ்மியரிங் போட்டு, மார்சாரி-வாண்டர்பில்ட் வகையில் அதன் அகலமான டீகாஸை 0.01 முதல் 0.02 வரை வையுங்கள். அதைவிட ஏற்றினால் கன்வர்ஜ் சுலபமாகும், ஆனால் காந்தத் திருப்புத்திறன் கெடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அமைப்பை, அணுக்களைப் படமாகக் காட்டும் எக்ஸ்கிரைஸ்டன் போன்ற ஒன்றில் திறந்து கண்ணால் பாருங்கள். இரண்டு அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தால் எந்த மிக்ஸிங்கும் காப்பாற்றாது.

மத்திகெரே, எம்எஸ்சி இயற்பியல்: மேடம், சிலிக்கானுக்கு லாட்டிஸ் 5.43 கொடுத்தேன். பிரஷர் தாறுமாறா வருது. சூடோ பொட்டென்ஷியல் கெட்டுப்போச்சா?

அணுக்கருவுக்கும் உள் எலக்ட்ரான்களுக்கும் பதிலாக நிற்கும் சூடோவில் தவறில்லை. லாட்டிஸ் அளவைக் கொடுக்கும் செல்டிஎம் 1 என்ற இடத்தில் போர் அலகில்தான் எழுத வேண்டும். 5.43 ஆங்ஸ்ட்ராம் என்பது 10.26 போர். நீங்கள் 5.43 என்று எழுதியதால் படிகம் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆங்ஸ்ட்ராமிலேயே எழுத ஆசை என்றால் செல்டிஎம்மை விட்டுவிட்டு ஏ என்ற மாறியில் 5.43 கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

அதே மாணவர்: பிஜி ரூம்ல 8 ஜிபி லேப்டாப்தான் இருக்கு. எதுவரைக்கும் ஓட்டலாம்?

இரண்டு அணு சிலிக்கான் நொடிக்கணக்கில் முடியும். 10 அணுக்கள் அளவிலான குறைகடத்திகளைப் பொறுமையாக ஓட்டலாம். அவுட்புட்டின் தொடக்கத்திலேயே எவ்வளவு ரேம் தேவைப்படும் என்ற மதிப்பீட்டை, ஒரு பிராசஸுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று அது எழுதிவிடும். அது உங்கள் ரேமைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அணுக்களைச் சமநிலைக்கு நகர்த்தும் ரிலாக்ஸ் ஓடும்போது கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் அணுக்களின் புதிய இடங்கள் அவுட்புட்டில் எழுதப்பட்டிருக்கும். கடைசியாக முழுதாக வந்ததைப் புது இன்புட்டில் ஒட்டித் தொடருங்கள்.

சி.வி. ராமன் சாலை, முனைவர் பட்டம் முதலாண்டு: கட்-ஆஃப் 40, கே-புள்ளி 4×4×4ன்னு சீனியர் இன்புட்ல இருந்துச்சு. அப்படியே எடுத்துக்கிட்டேன். தப்பா?

சீனியரின் பொருளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். எத்தனை தள அலைகளைச் சேர்ப்பது என்பது கட்-ஆஃப், சூடோ பொட்டென்ஷியல் மாறினால் அது மாறும். எலக்ட்ரான் அலைகளை எந்த அலைத்திசையன்களில் கணக்கிடுவது என்பது கே-புள்ளி, செல்லின் அளவு மாறினால் அது மாறும். இந்தச் சோதனையை யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது. ஆய்வேட்டில் வரும் ஒவ்வொரு எண்ணும் இதன்மேல்தான் நிற்கிறது என்பதால் இதற்கு ஒரு நாள் முழுதாகக் கொடுக்கச் சொல்வேன்.

கே-புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டு கட்-ஆஃபை 30, 40, 50, 60, 70, 80 என்று ஏற்றுங்கள். மொத்த ஆற்றல் இறங்கிக்கொண்டே போகும். அதன் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம், ஆய்வுக்குத் தேவைப்படுவது இரண்டு அமைப்புகளுக்கு நடுவிலான ஆற்றல் வேறுபாடு. அந்த வேறுபாடு ஒரு அணுவுக்கு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள், அதாவது சுமார் 0.00007 ரிட்பெர்க்குக்குள் நிலைத்துவிட்டால் ஆற்றலுக்கு அது போதும். அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் நிலைக்காது. லாட்டிஸ் அளவு வேண்டுமென்றால் அழுத்தத்தையும், அதிர்வெண் வேண்டுமென்றால் விசைகளையும் தனியே சோதியுங்கள்.

மாணவர்கள் அதிகம் தவறவிடுவது அடர்த்திக்கான இரண்டாவது கட்-ஆஃப். எழுதாமல் விட்டால் முதல் கட்-ஆஃபைப் போல 4 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். நார்ம் கன்சர்விங் வகைச் சூடோவுக்கு அது சரி. அல்ட்ராசாஃப்ட் என்றால் 8 முதல் 12 மடங்கு வேண்டும். இதைக் குறைவாக வைத்துவிட்டு, மாதக்கணக்கில் ஃபோனான் என்ற அணு அதிர்வுக் கணக்கில் குற்றம் தேடுகிறவர்கள் உண்டு.

கே-புள்ளியில் பார்க்க வேண்டியது இடைவெளி. ஒரு திசையில் செல்லை இரட்டிப்பாக்கினால் அந்தத் திசையில் கே-புள்ளி பாதியானால் போதும். ஸ்லாப்பில் வெற்றிடத் திசைக்கு 1 தான். உலோகத்துக்கு ஸ்மியரிங்கையும் கே-புள்ளியையும் சேர்த்தே சோதிக்க வேண்டும், ஒன்று மற்றதைச் சார்ந்தது.

யஷ்வந்த்பூர்: சிலிக்கானுக்கு பேண்ட் கேப் 0.6 எலக்ட்ரான் வோல்ட் கிட்ட வருது. புத்தகத்துல 1.12. எங்கே தப்பு?

நீங்கள் தவறு செய்யவில்லை. 1996இல் வந்த பிபிஇ என்ற தோராயச் சார்பு குறைகடத்திகளின் இடைவெளியை இப்படித்தான் குறைத்துக் காட்டும். கட்-ஆஃபை ஏற்றியும் கே-புள்ளியைக் கூட்டியும் இதைச் சரிசெய்ய முடியாது. ஹெச்எஸ்இ போன்ற கலப்புச் சார்பு சோதனை மதிப்புக்கு அருகில் கொண்டுவரும், ஆனால் நேரம் பல மடங்கு ஆகும். இன்னொன்றும் கவனியுங்கள். சிலிக்கானின் கடத்துப் பட்டையின் அடி, காமா என்ற கே-புள்ளியிலிருந்து எக்ஸ் என்ற கே-புள்ளிக்குப் போகும் வழியில் சுமார் 85 சதவீதத் தூரத்தில் இருக்கிறது. எஸ்சிஎஃபில் கொடுத்த கே-புள்ளிகளில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் அவுட்புட்டில் அச்சாகும் இடைவெளி பெரிதாகத் தெரியும். பட்டைப் பாதையில் தனியாக ஓட்டி எடுங்கள். ஃபிக்ஸ்டு ஆக்குபேஷனில் பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுக்க மறந்தால் காலிப் பட்டையே இருக்காது.

ஜாலஹள்ளி: கிளஸ்டர்ல 48 கோர் கேட்டேன். 8 கோரைவிட மெதுவா ஓடுது அக்கா!

ஜாப் ஸ்கிரிப்டில் ஓஎம்பி நம் த்ரெட்ஸ் 1 என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாதபோது 48 பிராசஸும் ஆளுக்கு 48 த்ரெட் திறந்துகொண்டு ஒன்றையொன்று நெருக்கும் நிலை வரலாம். அடுத்து பூல், அதாவது கே-புள்ளிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் கோர்க் குழு. 12 கே-புள்ளி இருந்தால் மைனஸ் என்கே 4 என்று கொடுங்கள். ஒவ்வொரு பூலும் 12 கோரில் மூன்று கே-புள்ளிகளைப் பார்க்கும். கே-புள்ளிகளின் எண்ணிக்கையைச் சமமாக வகுக்கும் எண்ணாகத் தேர்ந்தெடுங்கள். பூல் கூடினால் ரேமும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா போன்ற பொது இயந்திரத்தில் ஓட்டுகிறவர்கள் மேக்ஸ் செகண்ட்ஸ் என்ற மாறியை, ஜாப்புக்கு வாங்கிய நேரத்தைவிடப் பத்து நிமிடம் குறைவாக வைக்க வேண்டும். ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் வந்து வெட்டுவதற்கு முன்னால் புரோகிராம் தானே எல்லாவற்றையும் எழுதிவிட்டு நிற்கும். பிறகு ரீஸ்டார்ட் என்று மாற்றி, அதே எண்ணிக்கை பிராசஸ், அதே பூலோடு தொடரலாம்.

ஒரே அவுட்டிர் (விடைகள் சேரும் கோப்புறை), ஒரே பிரிஃபிக்ஸ் (கோப்புகளின் முன்பெயர்) வைத்து இரண்டு ஜாப்களை ஒரே நேரத்தில் விடாதீர்கள். ஒன்றின் அடர்த்திக் கோப்பை மற்றது மேலெழுதும். சில நேரம் எர்ரர்கூட வராது, தப்பான எண் மட்டும் வரும்.

ஹெசரகட்டா சாலை: ஃபோனான்ல நெகட்டிவ் ஃப்ரீக்வென்சி. பொருள் நிலையில்லாததுன்னு எழுதிடலாமா?

அவசரப்படாதீர்கள். காமாவில் முதல் மூன்று அதிர்வுகள் பூஜ்யத்தை ஒட்டி, அலையெண் அலகில் (செ.மீ⁻¹) மைனஸ் சில எண்கள் அளவில் இருந்தால் அது எண்ணியல் பிழை, அக்கூஸ்டிக் சம் ரூல் போட்டால் சரியாகும். பத்துக்கணக்கில் மைனஸ் என்றால் முதலில் உங்கள் ரிலாக்ஸை நம்பாதீர்கள். விசை வரம்பு தானாக எடுத்துக்கொள்வது 0.001, ஃபோனானுக்கு அது தளர்வு. அதை 0.00001 வரை இறுக்குங்கள். எஸ்சிஎஃப் வரம்பைப் பத்தின் அடுக்கு மைனஸ் 12 அளவுக்கும், ஃபோனான் வரம்பை மைனஸ் 14 அல்லது 16க்கும் கொண்டுபோங்கள். பிறகு அடர்த்திக் கட்-ஆஃபையும் கே-புள்ளியையும் கூட்டிப் பாருங்கள். மைனஸ் எண் இவற்றோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருந்தால் அது கணக்கின் குறை. எல்லாவற்றையும் இறுக்கிய பிறகும் அசையாமல் நின்றால்தான் இயற்பியல். கனசதுர பேரியம் டைட்டனேட்டில் காமாவில் வரும் மைனஸ் அதிர்வு அப்படிப்பட்டது, அது அந்தப் பொருளின் ஃபெரோ மின்தன்மையையே காட்டுகிறது.

கே.ஆர். புரம், ஆய்வு உதவியாளர்: மென்பொருள் எழுதினவங்ககிட்டயோ அனுபவசாலிங்ககிட்டயோ மெயில்ல கேட்டா பதிலே வர்றதில்லை. எப்படிக் கேக்கணும்?

வேலை செய்யவில்லை, உதவுங்கள் என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மெயிலின் தலைப்பு வரியில் எந்தப் புரோகிராம், எந்த எர்ரர் என்று இருக்கட்டும். உள்ளே பதிப்பு எண், எந்த கம்பைலர், எத்தனை பிராசஸ், எத்தனை பூல் என்று எழுதுங்கள். இன்புட் ஃபைல் முழுதாக வேண்டும், துண்டு போதாது. சூடோ ஃபைல்களின் சரியான பெயர்கள், எர்ரர் வந்த இடத்தைச் சுற்றிய அவுட்புட் வரிகள், கிராஷ் என்ற பெயரில் ஃபைல் உருவாகியிருந்தால் அதுவும். போனில் எடுத்த திரையின் ஃபோட்டோ வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள். எதிரில் இருப்பவர் அதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் கணக்கைச் சுருக்குங்கள். 96 அணுவில் வரும் எர்ரர் 4 அணுவிலும் வருகிறதா? ஒரே பிராசஸில் ஓட்டினாலும் வருகிறதா? ஒரு பிராசஸில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் பல பிராசஸாகப் பிரித்து ஓட்டும் பகுதியில்தான் இருக்கும். வெளியிடாத அமைப்பைக் காட்டத் தயங்கினால், அதே எர்ரரை எல்லோருக்கும் தெரிந்த பொருளில் வரவழைத்து அனுப்புங்கள். இப்படிச் சுருக்கும்போதே பாதிப் பேருக்குக் காரணம் பிடிபட்டுவிடும். பதில் கிடைத்து ஓடிவிட்டால், எது சரிசெய்தது என்று அதே மெயிலுக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்து தேடி வருகிறவருக்கு அதுதான் உதவும்.

எலக்ட்ரானிக் சிட்டி: ரெண்டு பரிமாணப் பொருளுக்கு விசி-ரிலாக்ஸ் போட்டேன். வெற்றிடமே சுருங்கிடுச்சு.

விசி-ரிலாக்ஸ் அணுக்களோடு செல்லின் அளவையும் மாற்றும். செல் டூஃப்ரீயில் 2டிஎக்ஸ்ஒய் கொடுங்கள், செங்குத்துத் திசை அசையாது. வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராமாவது இருக்கட்டும். முடிவில் வரும் கடைசி எஸ்சிஎஃபில் அழுத்தம் கொஞ்சம் மாறித் தெரிந்தால், அதற்கு முந்தைய படிகள் பழைய செல்லுக்கான தள அலைகளோடு ஓடியதுதான் காரணம். கிடைத்த அமைப்பைத் தொடக்கமாக வைத்து இன்னொரு முறை ஓட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

மல்லேஸ்வரம், கல்லூரி ஆசிரியர்: வணக்கம். நிக்கல் ஆக்சைடுக்கு ஒரு கட்டுரையில் இருக்கும் ஹப்பர்டு யு மதிப்பை எங்கள் மாணவர் அப்படியே பயன்படுத்தலாமா?

வணக்கம் ஐயா. ஓர் அணுவில் நெருங்கியிருக்கும் எலக்ட்ரான்களின் விலக்கத்துக்காகச் சேர்க்கும் திருத்தமான யு மதிப்பு நிக்கலுக்கென்று நிலையாக இருப்பதல்ல. எந்தச் சூடோ, எலக்ட்ரான்களை எண்ண எந்த வகைப் புரொஜெக்டர் என்பதைப் பொறுத்து அது மாறும். அட்டாமிக் புரொஜெக்டரில் கணக்கிட்ட யுவை ஆர்த்தோ-அட்டாமிக்கில் போட்டால் விடை வேறாகிவிடும். இதே தொகுப்பில் ஹெச்பி என்ற புரோகிராம் நேர்கோட்டு எதிர்வினை முறையில் யுவைக் கணக்கிட்டுத் தரும். மாணவரை அதை ஓட்டச் சொல்லுங்கள். 7.1 பதிப்பிலிருந்து ஹப்பர்டு என்ற தனி அட்டையில்தான் யுவை எழுத வேண்டும், பழைய இன்புட்டை அப்படியே கொடுத்தால் எர்ரரோடு நின்றுவிடும். வெவ்வேறு யு வைத்து எடுத்த மொத்த ஆற்றல்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது என்பதையும் அவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.