அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை: 14,000 ரூபாய் பரிசோதனை தேவையா?

கேள்வி: நான் 32 வயதுப் பெண். ஈரோட்டில் வங்கியில் வேலை. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். எங்கள் குடியிருப்பில் இலவச முகாம் நடத்திய பரிசோதனைக்கூடத்தார், என் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 5.9 என்று பயமுறுத்தி, பரம்பரை ஆபத்தை முன்கூட்டியே காட்டும் பயோமார்க்கர் (ரத்தத்தில் நோயின் அடையாளப் பொருள்களை அளப்பது), மரபணுப் பரிசோதனையை 14,000 ரூபாய்க்குச் சிபாரிசு செய்கிறார்கள். 1,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். எடுக்கலாமா? ஹீமோகுளோபின் 9.2. இடுப்புச் சுற்றளவு 84 செ.மீ. உடற்பயிற்சி கிடையாது.

பதில்: வேண்டாம்.

பரம்பரை ஆபத்து உண்டா என்று அறிய உங்கள் ரத்தம் தேவையில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாக்களே சொல்லிவிட்டன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 70 என்பது பொதுவான கணக்கு. இந்த நோயில் பங்குள்ள மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. வண்ணப் படங்களோடு தடித்த அறிக்கை ஒன்று வரும். அதில் இருப்பது நீங்கள் ஏற்கெனவே அறிந்த செய்திதான்.

பயோமார்க்கர் முழுப் பொய் அல்ல. ரத்தத்தில் லியூசின், வேலின் போன்ற ஐந்து அமினோ அமிலங்கள் கூடியிருந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2011இல் காட்டியது. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தனி ஆளுக்கு வைத்தியம் சொல்ல என்னால் முடியாது. வெறும் வயிற்று இன்சுலின் அளவும் அப்படியே: ஒரே ரத்தத்தை இரண்டு கூடங்களில் கொடுத்தால் இரண்டு எண் வரலாம்.

உங்களுக்கு வேண்டியது தையற்கார நாடா. சென்னையில் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறையில் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகிய நான்குதான் கேள்விகள். 35 வயதுக்குக் கீழ் என்பதால் 0, இடுப்புக்கு 10, உட்கார்ந்தே இருப்பதற்கு 30, பெற்றோர் இருவருக்கும் 20. மொத்தம் 60. அறுபதும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. செலவு ஒன்றுமில்லை, அதனால்தான் இதை யாரும் முகாம் போட்டுச் சொல்வதில்லை.

இப்போது அந்த 5.9. பொதுவாக 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை. உங்கள் ஹீமோகுளோபின் 9.2 என்று குறைவாக இருப்பதால் அதை நான் நம்பமாட்டேன். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையே இந்த எண். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் உருவாவது மந்தமாகிறது. ரத்தத்தில் பழைய அணுக்கள் மிகுந்து, எண் சற்றுக் கூடிவிடும். இரும்பு மாத்திரை தொடங்கியதும் புது அணுக்கள் பெருகி, எண் தற்காலிகமாக இறங்கும். "பயோமார்க்கர் பார்த்து, எங்கள் பொடி சாப்பிட்டதால் குறைந்தது" என்று அதையும் காசாக்குவார்கள். 9.2க்குக் காரணம் இரும்புக் குறைவுதானா, அதற்குப் பின்னால் அதிக மாதவிடாய்ப் போக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹீமோகுளோபின் சீரான பின் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். 9.2ஐ அச்சடித்த அதே தாளில் 5.9க்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டவர்களை என்ன சொல்வது!

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிட்டு, இரவு பட்டினிக்குப் பின் காலையில் ஒருமுறை ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். "வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டு வாருங்கள்" என்றால் அது வேறு பரிசோதனை. சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடிக் குழாயில் போகிறதா என்று கவனியுங்கள். மற்றக் குழாயில் பைக்கில் வெயிலில் சுற்றினால், அணுக்களே சர்க்கரையைத் தின்று எண்ணைக் குறைத்துவிடும். அரசு முகாம்களில் விரல் நுனியில் ஒரு சொட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் உட்கார ஒரு பெஞ்சு போட இந்த நாட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை.

வெறும் வயிற்றில் 100க்கும், இரண்டு மணி நேரத்தில் 140க்கும் கீழ் என்றால் வருடம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126ஐயோ, இரண்டு மணி நேரத்தில் 200ஐயோ தொட்டால் இன்னொரு நாள் உறுதிசெய்து சிகிச்சை. இடையில் என்றால் நடை, உணவு மாற்றம். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை இருந்தவர்களிடம் சென்னையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது; நடையும் உணவும் மூன்றாண்டில் நோய் வருவதை 28 சதவீதம் குறைத்தன.

முன்பணம்: பரிசோதனைக்கு இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை அல்லவா? ரசீதோடு சென்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். "அதற்குப் பதில் வைட்டமின் பேக்கேஜ் தருகிறோம்" என்பார்கள். பணமாகவே வாங்குங்கள்.