கர்ப்பிணிக்கு ரூபெல்லா பயம்: ரத்தம் கொடுக்க வேண்டியது எப்போது?

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம், பத்தாவது வாரம் நடக்கிறது. போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் மகனை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டினேன். இரண்டு நாள் கழித்து அவனுக்கு முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் சிவப்பாகத் தடித்துவிட்டது. ரூபெல்லாவாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். "உனக்குச் சின்ன வயசிலேயே அம்மை போட்டாச்சு, இனி வராது" என்கிறார் மாமியார். நான் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தடுப்பூசி இப்போது வேண்டாம். அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. தவிர, தொற்று ஏற்கெனவே உடம்பில் ஏறியிருந்தால் ஊசி அதைத் தடுக்கவும் போவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, இந்த வாரமே ரத்தம் கொடுப்பது.

மாமியார் சொல்வதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சின்னம்மை, மணல்வாரி என்கிற தட்டம்மை, ரூபெல்லா மூன்றும் வெவ்வேறு வைரஸ்கள். ஒன்று வந்து போனால் மற்றொன்றுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. நம் வீடுகளில் வேப்பிலை செருகிய எல்லாமே 'அம்மை'தான். எது வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது, அதுவும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. உங்கள் வயதைப் பார்த்தால் அதில் நீங்கள் விடுபட்டிருப்பீர்கள். தனியார் மருத்துவமனையில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) போட்டிருந்தால் பழைய அட்டையில் இருக்கும், அம்மா வீட்டில் தேடச் சொல்லுங்கள்.

ரூபெல்லா இருமல், தும்மல் வழியே பரவுகிறது. தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, தெரிந்த பிறகு ஒரு வாரம் வரை தொற்றும். ஆகவே ஞாயிறன்று பையன் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தான் என்பது கணக்கில் வராது. குழந்தைகளுக்கு லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல், மூன்று நாளில் மறையும் தடிப்பு, அவ்வளவுதான். தொற்றியவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "எனக்குத் தடிப்பு வரவில்லையே" என்று நீங்கள் விட்டுவிட முடியாததற்கும் இதுதான் காரணம்.

ஆபத்து வயிற்றுக் குழந்தைக்குத்தான். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்து விசாரித்தார். பெரும்பாலான தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை மூன்றும் இதன் முக்கியப் பாதிப்புகள். முதல் 12 வாரங்களில் தொற்றினால் ஆபத்து மிக அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு அரிது.

சரி, ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். ரூபெல்லா ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இவை கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்கள்: ஐஜிஎம் புதுத் தொற்றில் முதலில் வருவது, ஐஜிஜி பிறகு வந்து நீண்ட நாள் நிற்பது. தொற்றியவருடன் பழகிய பத்து நாளுக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லை என்றால், அது பழைய எதிர்ப்பாற்றல். புதுத் தொற்றில் அவ்வளவு சீக்கிரம் ஐஜிஜி உருவாகாது. நீங்கள் தப்பித்தீர்கள். நாள் தள்ளிப்போனால் அந்த ஐஜிஜி பழையதா புதியதா என்று பிரிப்பது கஷ்டமாகிவிடும், அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இரண்டும் இல்லை என்று வந்தால், உங்களிடம் எதிர்ப்பாற்றல் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒருமுறை, ஆறு வாரம் கழித்து மறுமுறை அதே ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் அன்றே முடிவெடுக்காதீர்கள். அது பொய்யாகவும் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். ஐஜிஜி அவிடிட்டி என்ற அடுத்த பரிசோதனை தொற்று புதிதா பழையதா என்பதைக் காட்டும். வெறும் ஐஜிஜி பாசிட்டிவ் தாளை வைத்துக்கொண்டு 'டார்ச் டெஸ்ட்டில் (வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் தொற்றுகளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரூபெல்லா வந்துவிட்டது' என்று அழுதபடி வரும் பெண்களைப் பார்க்கிறேன். கையில் இருப்பது நல்ல செய்தி என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பையனையும் பரிசோதிக்க வேண்டும். அவனுக்கு வந்தது வேறு வைரஸ் என்று தெரிந்தால் ரூபெல்லாக் கவலை அங்கேயே முடிந்தது. தடிப்பு வந்த முதல் சில நாட்களில் ஐஜிஎம் தெரியாமல் போகலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுப்பது நம்பகமானது. காய்ச்சலோடு தடிப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள். அரசின் கண்காணிப்புத் திட்டத்தில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

முடிவு எதுவானாலும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வெளிநோயாளர் வரிசையில் உட்காருவதற்கு முன் போனில் சொன்னால் மற்ற கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளி உட்காரவைப்பார்கள். எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள் கருத்தரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.